கட்டிலுக்கு அடியில் டைகர்

கேள்வி: டாக்டர், நாங்கள் ஆனைமலைக்காரர்கள். எல்லை தாண்டிக் கேரளத்தில் முதலமடையில் மாந்தோப்பு வாங்கி, தோப்பிலேயே வீடு கட்டிக் குடிவந்துவிட்டோம். டைகர் என்று ஒரு நாட்டு நாய் வளர்க்கிறோம், நான்கு வயது முடிந்தது. ராத்திரி காட்டுப்பன்றி வந்தால் தனியாளாக விரட்டுகிறவன், வெடிச்சத்தம் கேட்டால் ஆளே மாறிவிடுகிறான். குட்டியாக இருந்தபோது இந்தப் பயம் இல்லை. போன நெம்மாரா வேலாவின்போதுதான் (பக்கத்து ஊர் பகவதி கோயில் திருவிழா) ஆரம்பித்தது. இந்தத் தீபாவளிக்கு மாமனார் அவனை வராந்தாத் தூணில் கட்டிவைத்தார். கழுத்துப்பட்டையை அறுத்துக்கொண்டு ஓடியவன் மறுநாள் மத்தியானம் கோவிந்தாபுரம் செக்போஸ்ட் பக்கம் கிடைத்தான். நகம் பெயர்ந்திருந்தது, வாயில் ரத்தம். இப்போது குக்கர் விசிலுக்கே கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறான். ஜீப்பில் தாவி ஏறுகிறவனை இப்போது தூக்கிவிட வேண்டியிருக்கிறது. தினம் பக்கத்தில் ஒரு ஓலைவெடி போட்டால் பழகிவிடும் என்கிறார் மாமனார். பயப்படும்போது தடவிக்கொடுத்தால் இன்னும் கெட்டுப்போவான் என்கிறார் பக்கத்து வீட்டுச் சேச்சி. அவில் மாத்திரை கொடுத்துத் தூங்கவைக்கலாம் என்கிறார் கணவர். துணைக்கு இன்னொரு குட்டி எடுத்தால் தைரியம் வருமா என்பது என் யோசனை. என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, முதலமடை

பதில்:

வணக்கம். வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். அதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம். போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், ஜீப்பில் தாவி ஏறுகிறவனை இப்போது தூக்கிவிட வேண்டியிருக்கிறது என்று. நான் முதலில் விசாரிக்க நினைப்பது அதைத்தான்.

குட்டியிலிருந்தே வெடிக்கு நடுங்குகிற நாய்கள் உண்டு. ஆனால் இரண்டு மூன்று தீபாவளியைச் சும்மா கடந்துவிட்டு, வளர்ந்தபிறகு பயப்பட ஆரம்பிக்கிற நாய் வந்தால், உடம்பில் எங்காவது வலி இருக்கிறதா என்று பார்க்காமல் நான் மேற்கொண்டு எதுவும் சொல்வதில்லை. திடீர்ச் சத்தம் கேட்டால் உடம்பு முழுக்கத் தூக்கிப்போட்டு இறுகும். இடுப்பிலோ முதுகிலோ முழங்காலிலோ ஏற்கனவே நோவு இருந்தால் அந்த இறுக்கத்தில் சுருக்கென்று வலிக்கும். சத்தம் வந்தது, வலித்தது: நாய் இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொள்ளும். பிரேசில், இங்கிலாந்து ஆய்வாளர்கள் சேர்ந்து 2018-ல் இதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இருபது நாய்களை மட்டும் வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான். ஆனாலும் வலி இருந்த நாய்களுக்குச் சத்தப் பயம் மற்றவற்றைவிடப் பல வருஷம் தாமதமாக, வளர்ந்தபிறகுதான் தொடங்கியிருந்தது. வலிக்கு மருந்து கொடுத்ததும் பயமும் இறங்கியது. நாங்கள் மேஜையில் பார்ப்பதும் ஏறக்குறைய இதுதான்.

அதனால் டைகரை முதலில் உங்கள் பஞ்சாயத்து மிருக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ‘வெடிக்குப் பயப்படுகிறான்’ என்று மட்டும் சொன்னால் போதாது. ஏறத் தயங்குகிறான், உட்கார்ந்து எழும்போது எப்படி இருக்கிறான், காலையில் நடை விறைப்பாக இருக்கிறதா, எல்லாவற்றையும் சொல்லுங்கள். முடிந்தால் அவன் நடப்பதையும் ஜீப் முன்னால் நின்று யோசிப்பதையும் செல்போனில் படம் பிடித்துக் காட்டுங்கள். ஆஸ்பத்திரி வாசலில் பதற்றத்தில் எந்த நாயும் நொண்டாது. தோப்பு நாய் என்பதால் உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். அதிலும் மூட்டு வலி வரும், ஆள் சோர்ந்துபோவான். ஒன்று முக்கியம்: வலி என்றதும் வீட்டில் இருக்கிற டைக்ளோபினாக், இப்யூபுரூஃபன், பாராசிட்டமால் எதையும் கொடுத்துவிடாதீர்கள். அவை நாயின் வயிறு, சிறுநீரகம், கல்லீரலைக் கெடுக்கும்.

வலி இல்லை என்று தெரிந்தாலும், இருந்து சரியானாலும், பயத்துக்குத் தனியாக வேலை பார்த்தாக வேண்டும். உள்ளே ஏறிய பயம் தானாக இறங்காது.

இங்கேதான் உங்கள் மாமனாரோடு எனக்குக் கருத்து வேறுபாடு. பழகிவிடும் என்பது லேசான சத்தத்துக்குச் சரி. ரயில் பாதை ஓரத்தில் வளர்கிற நாய் ரயிலைக் கண்டுகொள்ளாது. ஏற்கனவே மிரண்டுபோன நாயின் பக்கத்தில் ஓலைவெடி போட்டால் நடப்பது நேர்மாறு. ஒவ்வொரு வெடியிலும் பயம் ஒரு படி ஏறும். பட்டாசில் தொடங்கியது இடிக்குப் போகும், புல்லட் வண்டிக்குப் போகும், உங்கள் வீட்டில் குக்கர் வரைக்கும் போய்விட்டது. பட்டாசு வெடிக்கிற இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் சத்தம் வரக்கூடாது என்பதுதான் நம் நாட்டுச் சட்டமே வைத்திருக்கிற வரம்பு. அதையும்விடக் கிட்டத்தில் வெடித்தால் காது கேட்பதே பழுதாகலாம். மாமனாரிடம் இதை எப்படிச் சொல்வது என்பது உங்கள் பாடு. ‘டாக்டர் வேண்டாம் என்றார்’ என்று என்மேல் பழியைப் போட்டுவிடுங்கள்.

சேச்சி சொன்னது நிறையப் பேர் நம்புகிற விஷயம். பயம் ஒரு குறும்பு இல்லை, தட்டிக்கொடுத்ததும் வளர்வதற்கு. திருட்டுத்தனமாக அடுப்படியில் நுழைகிற நாய்க்குத் துண்டு மீன் போட்டால் மறுபடி நுழையும். நடுங்குகிற நாயைத் தடவிக்கொடுத்தால் மறுபடி நடுங்க வேண்டும் என்று அது திட்டம் போடாது. டைகர் உங்கள் காலடியில் வந்து ஒண்டினால் ஒண்டட்டும். கையை அவன் மார்பில் வைத்து, மெதுவாக, ஒரே சீராகத் தடவுங்கள். கட்டிலுக்கு அடியில் போனால் அங்கேயே விட்டுவிடுங்கள். ‘வா வா’ என்று வெளியே இழுக்காதீர்கள். நீங்கள் பதறி, ‘ஐயோ என் தங்கமே’ என்று கூச்சல் போடாமல் இருந்தால் போதும்.

பயம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை அவனைப் பார்த்தே சொல்லலாம். நாய்க்கு வியர்ப்பது பெரும்பாலும் உள்ளங்காலில்தான். மிரண்ட நாய் நடந்துபோன சிமெண்ட் தரையில் ஈரமாகக் கால்தடம் விழுந்திருக்கும். உதட்டை நக்குவது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, காது பின்னால் ஒட்டிக்கொள்வது எல்லாம் ஆரம்ப அறிகுறிகள். வெயில் இல்லாமலே நாக்கைத் தொங்கப்போட்டு இரைப்பது, எச்சில் வடிவது, கண்ணில் வெள்ளை தெரிவது அடுத்த கட்டம். எனக்குப் பெரிய அளவுகோல் தீனிதான். கோழி ஈரலை மூக்குக்கு நேரே நீட்டியும் முகத்தைத் திருப்பினால், அந்த நேரத்தில் எந்தப் பயிற்சியும் தலையில் ஏறாது. அப்போது செய்ய வேண்டியது சத்தத்தைக் குறைப்பது, கூட இருப்பது, மருந்து. அவ்வளவுதான்.

மருந்து என்றதும் உங்கள் கணவரின் அவில். அது ஒவ்வாமைக்கான மாத்திரை. தூக்கம் தருவது அதன் பக்கவிளைவு. பயத்தை அது தொடுவதில்லை. கண் சொருகிக் கிடப்பான், உள்ளே நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கும். அசிப்ரோமசின் என்று ஒரு பழைய மயக்க மருந்தும் இப்படித்தான்: உடம்பைக் கட்டிப்போடும், பயத்தை எடுக்காது, சில நாய்களுக்குச் சத்தம் இன்னும் உறைக்கும். அதை மட்டும் தனியாகக் கொடுத்துச் சமாளிக்கப் பார்க்க வேண்டாம். பாட்டியின் தூக்க மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுப்பதும் வேண்டவே வேண்டாம்.

பயத்தையே இறக்குகிற மருந்துகள் இருக்கின்றன. டிராசோடோன், கேபாபென்டின், அல்பிரசோலம் என்று டாக்டர் அவன் எடையையும் ரத்த அறிக்கையையும் பார்த்து எழுதித் தருவார். அளவை நான் இங்கே சொல்லமாட்டேன். பத்திரிகையில் படித்து மருந்து வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் இரண்டு விஷயம் மனதில் வையுங்கள். சத்தம் தொடங்கி அவன் நடுங்க ஆரம்பித்தபிறகு கொடுத்தால் பாதி வீண். ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் முன்னாலேயே உள்ளே போயிருக்க வேண்டும். அப்புறம், திருவிழா நாளில் முதல்முறையாகக் கொடுக்கவே கூடாது. ஏதாவது ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் எல்லாரும் இருக்கும்போது ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். அல்பிரசோலம் கொடுத்தால் சில நாய்கள் அடங்குவதற்குப் பதிலாகத் துள்ளிக் குதிக்கும். அது தெரியவருகிற நாள் வேலா நாளாக இருக்கக்கூடாது.

இப்போது வருஷக் கணக்கைப் பார்ப்போம். எல்லையில் இருக்கிற நாய்களுக்கு இதில் இரட்டைக் கஷ்டம். சமீப வருஷங்களில் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்க அனுமதித்த நேரம் தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8; கேரளத்தில் இரவு 8 முதல் 10. உங்கள் தோப்பில் இரண்டும் கேட்கும். அது முடிந்தால் கிறிஸ்துமஸ், புதுவருஷம். தைக்குப் பிறகு ஒவ்வொரு பகவதி கோயிலாக வேலா, வழிபாட்டுக்குப் போடுகிற கதினா (இரும்புக் குழாயில் மருந்து கெட்டித்து வெடிப்பது). மலையாள மீனம் (நம் பங்குனி) 20-ல் நெம்மாரா–வல்லங்கி வேலா, இரண்டு ஊரும் போட்டி போட்டுக்கொண்டு வெடிக்கெட்டு என்கிற வாணவேடிக்கை. அந்தச் சூடு ஆறுவதற்குள் சித்திரைப் பிறப்பை ஒட்டி விஷு. இதற்கு நடுவே யானையையும் பன்றியையும் விரட்டத் தோப்புக்காரர்கள் போடுகிற வெடி வேறு, அதற்கு நேரமும் கிடையாது காலமும் கிடையாது.

நல்லவேளை, நீங்கள் தீபாவளி முடிந்த கையோடு எழுதியிருக்கிறீர்கள். மீனத்துக்கு இன்னும் நான்கு மாதத்துக்கு மேல் இருக்கிறது. பயிற்சிக்கு இதுதான் காலம்.

முதல் வேலை ஒரு சாக்கு. மடித்த கோணிச்சாக்கோ பழைய ஜமுக்காளமோ, அவனுக்கென்று ஒன்று. சமையலறை ஓரத்தில் விரித்து, அவனாக வந்து அதில் படுக்கும்போதெல்லாம் ஒன்றும் பேசாமல் முன்னங்கால்களுக்கு நடுவே ஒரு துண்டு வேகவைத்த ஈரலோ முட்டையோ வையுங்கள். வால் தளர்ந்து, ஒரு பக்க இடுப்பில் சாய்ந்து, தலையைக் கீழே வைக்கிறானா? அப்போது இன்னொரு துண்டு. சில வாரத்தில் சாக்கைக் கண்டாலே உடம்பு தளரும். பிறகு அதை எந்த அறைக்கு எடுத்துப்போனாலும் அந்த நிம்மதியும் கூடவே போகும். கருவாடு கொடுக்காதீர்கள், உப்பு அதிகம். அவனுக்குப் பிடிக்கும் என்பது எனக்கும் தெரியும்.

அடுத்தது சத்தம். வெடிச்சத்தப் பதிவு ஒன்றைச் செல்போனில் இறக்கி, புளூடூத் ஸ்பீக்கரில் போடுங்கள். செல்போனின் சின்ன ஒலிபெருக்கியில் கதினாவின் அடித்தொண்டைச் சத்தம் வராது. முதல் நாள் உங்களுக்கே கேட்கிறதா இல்லையா என்கிற அளவு. அவன் ஒரு காதை மட்டும் திருப்பினால் அளவு சரி. எழுந்து நின்றால் அதிகம், உடனே குறையுங்கள். சத்தம் முன்னே, தீனி பின்னே. இந்த வரிசை மாறக்கூடாது. தீனியைக் கையில் எடுத்தபிறகு சத்தம் வந்தால், நாளைக்கு ஈரலைக் கண்டாலே சந்தேகப்படுவான். ஐந்து நிமிஷத்தில் நிறுத்திவிடுங்கள். இரண்டு மூன்று நாள் நிம்மதியாகச் சாப்பிட்டால் சத்தத்தை ஒரு புள்ளி ஏற்றலாம். ஏற்றும் அவசரம் எப்போதும் வீட்டு ஆண்களுக்குத்தான் வருகிறது. ஸ்பீக்கரை உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்தில் நிஜ வெடி கேட்கிற வாரத்தில் இந்தப் பதிவுப் பயிற்சி வேண்டாம்.

நிஜ வெடிக்கு வேறு வழி இருக்கிறது, அது இன்னும் சுலபம். யானை விரட்ட எங்கோ தூரத்தில் ஒரு ‘டமார்’ கேட்டதும், ஒன்றும் நடக்காததுபோல அவனுக்குப் பிடித்ததில் ஒரு துண்டைத் தூக்கிப்போடுங்கள். ஒவ்வொரு முறையும். இடுப்பில் ஒரு சின்னப் பையில் தீனி இருந்துகொண்டே இருக்கட்டும். பெர்ன் பல்கலைக்கழகத்தின் ஸ்டெஃபனி ரீமர், 1,225 நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டு 2020-ல் வெளியிட்ட ஆய்வில், சத்தத்துக்குச் சத்தம் தீனியோ விளையாட்டோ கொடுத்தவர்களில் 70 சதவீதத்துக்கும் மேலானவர்கள் பலன் இருந்தது என்றார்கள். படுத்து இளைப்பாறக் கற்றுக்கொடுப்பதும், டாக்டர் எழுதித் தரும் மருந்தும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு வந்தன. மூலிகைச் சொட்டு, ஹோமியோபதி, வாசனைப் பொருள் வகையறாக்கள் 27 முதல் 35 சதவீதத்தில் நின்றுவிட்டன. கடைக்காரர் காட்டுகிற ‘அமைதிச் சொட்டு’க்குப் பணம் போடும் முன் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். உடம்பை இறுக்கிப் பிடிக்கிற சட்டை கொஞ்சம் பரவாயில்லை, 44. பழைய பனியனை மாட்டிப் பார்க்கலாம், ஆனால் மீன மாத வெயிலில் மணிக்கணக்கில் விட்டுவிடாதீர்கள்.

வெடி நாள் அன்று என்ன செய்வது? இனிமேல் கட்டிப்போடாதீர்கள். தூணில் கட்டிய நாய்க்கு ஓடவும் முடியாது ஒளியவும் முடியாது. நகம் பெயர்ந்ததும் வாயில் ரத்தம் வந்ததும் அதனால்தான். வெயில் தாழ்வதற்குள் வார் பிடித்து நடக்கவைத்து, ஒன்றுக்கு ரெண்டுக்கு எல்லாம் முடித்து, சோறு போட்டு உள்ளே கொண்டுவந்துவிடுங்கள். ஓட்டுக் கூரைப் பக்கம் வேண்டாம். தார்சு (கான்கிரீட் கூரை) போட்ட, ஜன்னல் குறைவான உள்ளறை எது? அதில் அவன் சாக்கு, தண்ணீர், ஒளிந்துகொள்ள ஒரு கட்டிலோ கவிழ்த்த பெட்டியோ. ஜன்னலுக்குக் கனத்த போர்வை. வெளிச்சம் பளிச்சிடுவதும் பயத்தைக் கூட்டும். மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து டிவியையும் ஓடவிடுங்கள். அறைக் கதவு திறந்தே இருக்கட்டும், வீட்டு வாசல் கதவு மட்டும் பூட்டியிருக்கட்டும். பிரசாதம் கொடுக்க வருகிறவர்கள் கதவைத் திறந்துபோட்டுப் பேசிக்கொண்டு நிற்பார்கள். பெரும்பாலான நாய்கள் ஓடிப்போவது அந்த ஒரு நிமிஷத்தில்தான்.

ஓடிப்போனால் உங்கள் பக்கத்தில் லாரி மட்டுமா ஆபத்து? பன்றிக்கு வைக்கிற அவுட்டுக்காயை (தீனிக்குள் வெடிமருந்து மறைத்தது) கடித்து வாய் சிதைந்து வருகிற நாய்களை நாங்கள் பார்க்கிறோம். பட்டையில் உங்கள் போன் நம்பரைப் பொறித்துப் போடுங்கள். வெறிநாய்த் தடுப்பூசி வருஷா வருஷம் தவறக்கூடாது. இந்தத் தீபாவளி ராத்திரி முழுக்க வெளியே இருந்திருக்கிறான். வேறு நாய் கடித்த தடம் ஏதாவது இருக்கிறதா என்று முடியை விலக்கிப் பார்த்து, இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

நெம்மாரா வேலாவுக்கு மட்டும் என் யோசனை வேறு. தேதி முன்கூட்டியே தெரிகிறது. மாலையும் மறுநாள் விடியற்காலையும் பெரிய வெடிக்கெட்டு. அந்த அளவுச் சத்தத்துக்கு நான்கு மாதப் பயிற்சி போதாது. முந்தின நாளே டைகரைக் கூட்டிக்கொண்டு ஆனைமலையில் உங்கள் அம்மா வீட்டுக்குப் போய்விடுங்கள். அதற்கு முன்னால் ஒன்றிரண்டு முறை சும்மா போய்த் தங்கிப் பழக்கிவிடுங்கள். தெரியாத வீட்டில் நாய் தப்பி ஓடினால் தேடுவது இன்னும் கஷ்டம். யாராவது ஒருவர் கூடப் போக வேண்டியிருக்கும், வேலா பார்ப்பது போய்விடும். வீட்டில் முறை வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் செய்து, விஷு தாண்டியும் குக்கர் சத்தத்துக்கே ஒளிகிறான் என்றால், தினசரி கொடுக்கிற மருந்து வேண்டியிருக்கலாம். ஃபுளூவாக்செடின் போன்றவை வேலை செய்யவே ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். இடையில் நிறுத்தினால் பலன் இல்லை. அந்த நிலை வந்தால் உங்கள் டாக்டரிடம் சீட்டு எழுதி வாங்கி திருச்சூர் பக்கம் மண்ணுத்திக் கால்நடைக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள்.

கடைசியாக, அந்த இன்னொரு குட்டி. இப்போது வேண்டாம். டைகருக்குத் தைரியம் வருவதைவிட, குட்டி அவனைப் பார்த்துப் பயம் கற்றுக்கொள்வதற்குத்தான் வாய்ப்பு அதிகம். குட்டிகளுக்கு உலகம் பழகுகிற வயது மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று மூன்றரை மாதம் வரை. அந்த வயதில் லேசான சத்தங்களோடு தீனியும் சேர்த்துக் கேட்டு வளர்ந்தால் பின்னால் தொந்தரவு குறையும். அடுத்த வருஷம் டைகர் தேறியபிறகு எடுப்பதாக இருந்தால், விஷு முடிந்த பிறகு எடுங்கள். தீபாவளி வருவதற்குள் குட்டிக்கு அந்த வயது தாண்டியிருக்கும், நீங்களும் ஸ்பீக்கரில் கை பழகியிருப்பீர்கள்.